காற்றுக்குப் பயந்த போஸ்ட் மாஸ்டர்

எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் மேலேதான் பார்ப்பார். ஆளைப் பார்த்து வணக்கம் சொல்வது அதற்கு அப்புறம். கூரை ஓடா, கீற்றா, தகரமா, உத்திரத்தில் கறையான் ஏறியிருக்கிறதா என்று கண்ணாலேயே ஒரு சுற்று வந்துவிட்டு, வாசலுக்குக் கிட்டத்தில் ஓர் இடமாகப் பார்த்து உட்காருவார். எங்கள் உப்பள ஆபீசில் என் மேசைக்கு எதிரே நல்ல நாற்காலி ஒன்று இருந்தது. இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் அதில் உட்கார்ந்ததில்லை. தகரம் பிய்த்துக்கொண்டு போனால் முதலில் அந்த நாற்காலிக்கு மேலேதான் பிய்யும் என்று சொன்னார். நான் ஏழெட்டு வருஷமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த இடம் அதற்கு இரண்டு முழம் தள்ளி.

எழுபதுகளின் நடுவில் மரக்காணத்துக்குப் போஸ்ட் மாஸ்டராக மாற்றலாகி வந்தவர் அவர். சொந்த ஊர் தருமபுரிப் பக்கம் ஏதோ ஒரு மேட்டுக்காட்டுக் கிராமம். கடலை முதன்முதலாகப் பார்த்ததே இங்கே வந்துதான். "எங்க ஊர்ல காத்துன்னா அது கேழ்வரகு தூத்தறதுக்குத்தாங்க. வரலையேன்னு காத்துக்கிட்டு இருப்போம்" என்பார். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், தடித்த கண்ணாடி, எப்போதும் சலவை செய்த முழுக்கைச் சட்டை. நான் ஒரு தனியார் உப்பளத்தில் குமாஸ்தா. அவரைவிடப் பத்து வயது சின்னவன். வாய்த்துடுக்கில் மட்டும் பெரியவன்.

அவர் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஐப்பசியில் ஒரு புயல். எங்கள் ஊர்க் கணக்கில் அது புயலே இல்லை. எங்கேயோ வடக்கே கரை ஏறியதன் ஓரக் காற்று, அவ்வளவுதான். ஆனால் தபாலாபீஸ் இருந்தது பழைய ஓட்டு வீட்டில். விடியற்காலையில் தொடங்கி ஒவ்வோர் ஓடாகப் பறந்திருக்கிறது. மத்தியானம் நாங்கள் கதவைத் தள்ளித் திறந்தபோது, மேலே வானம் தெரிந்தது. மனிதர் மேசைக்கு அடியில் தபால் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசைக் காலைப் பிடித்திருந்த அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. பிரித்தவர்களில் நானும் ஒருவன். அன்று சாயங்காலமே டீக்கடையில் அதை நடித்துக் காட்டியவனும் நான்தான்.

அதற்கப்புறம் அவருக்குக் காற்று என்றால் உடம்பு நடுங்கும். சவுக்குத் தோப்பு இரையும் சத்தம் கேட்கக் கூடாது என்று வீட்டை மாற்றினார். மாற்றிய வீட்டுக்குப் பின்னால் பனைமரம் இருந்தது. அந்த ஓலைச் சத்தத்துக்காக அதையும் விட்டார். கடைசியில் எங்கள் மாதா கோயில் மதிலை ஒட்டி ஓர் அறை பிடித்தார். இந்துதான். ஆனால் கோயில் சுவர் இரண்டடிக் கனம், வெள்ளைக்காரப் பாதிரி கட்டியது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். காற்று கொஞ்சம் எழும்பினால் போதும், கோயிலுக்குள் வந்து சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். பங்குச் சாமியார் ஒன்றும் சொல்லமாட்டார். "நம்ம ஆளுங்களைவிட இவர்தான் அடிக்கடி கோயிலுக்கு வர்றாரு" என்று ஒரு நாள் பூசை முடிந்து எங்களிடம் சொன்னார்.

பயத்தை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அதோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பது மட்டும்தான் அவர் கவலை. வேலை நேரத்தில் காற்று அடித்தால் கோயிலுக்கு ஓட முடியாது. அப்போது வேண்டாத காகிதங்களை மேசையில் பரப்பி, தபால் முத்திரையை எடுத்து மேலே டக் டக்கென்று குத்திக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தத்தில் வெளிச்சத்தம் கேட்காதாம். தெருவில் போகிறவர்கள், "காத்து எழும்பிடுச்சு போலிருக்குது, சாரு குத்த ஆரம்பிச்சிட்டாரு" என்று சிரித்துக்கொண்டு போவார்கள். சாயங்காலங்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு எக்கியார்குப்பம் வரைக்கும் போய், வலை உலர்த்துகிறவர்களிடம் நாளைக்கு எந்தக் காற்று என்று விசாரிப்பார். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயர்களையெல்லாம் பாடம் செய்துவைத்திருந்தார். பெயர் தெரிந்த காற்றுக்குக் கொஞ்சம் குறைவாகப் பயப்படலாம் என்று என்னிடம் சொன்னார்.

மனைவியையும் மகளையும் ஊரிலேயே விட்டிருந்தார். கூப்பிட்டுக்கொள்ளும்படி மனைவி கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டும் இவர் அசையவில்லை. காற்றுக்குப் பயந்துதான் என்று எழுத அவருக்குத் தெரியவில்லையோ, எழுதி அவர்கள் நம்பவில்லையோ, ஒரு நாள் மச்சினர் திடுதிப்பென்று பஸ்ஸில் வந்து இறங்கினார். இங்கே இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறார் என்று அவர்களுக்குச் சந்தேகம். மச்சினர் அறையைத் திறந்து பார்த்தார். இருந்தது ஒரு பாய், ஓர் அரிக்கேன் விளக்கு, டின் நிறைய அவல், சுவர் ஆணியில் பத்துப் பாகம் நீளத்துக்கு ஒரு தாம்புக்கயிறு. அந்தக் கயிறு எதற்கு என்று கேட்டாராம். காற்றில் வெளியே போக வேண்டி வந்தால் இடுப்பில் கட்டிக்கொள்ள என்று இவர் சொன்னாராம். மச்சினர் அன்று ராத்திரிகூடத் தங்கவில்லை. பஸ் ஏறும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வேற எதாவது இருந்தாக்கூட எங்க அக்காகிட்ட சொல்லிடலாம்ங்க. இதை நான் எப்படிங்க சொல்றது?" என்று கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

விதி பாருங்கள், எங்கள் பக்கத்துக்கு வரும் புயல் எச்சரிக்கைத் தந்தி எல்லாம் இவர் கைக்குத்தான் வரும். ஊரிலேயே அதிகம் பயப்படுகிறவருக்குத்தான் முதலில் தெரியும். தந்தி கொண்டுபோய்க் கொடுக்கப் பியூன் இருந்தார். ஆனால் புயல் தந்தி என்றால் இவரே சைக்கிளில் கிளம்பி உப்பளத்துக்கு வந்துவிடுவார். வரப்பு வழியாக வரும்போதே பாத்தியில் நிற்கும் பெண்களிடம் சொல்லிக்கொண்டே வருவார். அவர்கள் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு, அம்பாரத்தை மூட ஓடுவார்கள். அம்பாரம் என்றால் வாரிய உப்பை மலைபோல் குவித்துவைப்பது. அதன் மேல் பனையோலையை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டி முடிக்க அரைநாள் ஆகும். மூடி முடித்தபின் பார்த்தால் வெயில் பளீரென்று அடிக்கும். புயல் ஆந்திராவுக்கோ நாகப்பட்டினத்துக்கோ போயிருக்கும்.

"நீங்க ஏன் சார் அலையறீங்க, பியூன்கிட்ட குடுத்தா பத்தாதா?" என்று ஒரு முறை கேட்டேன். கடமை, பொறுப்பு என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"தந்தி வந்தப்புறம் தனியா உக்கார முடியலைங்க. இங்க வந்தா நாலு பேரு இருக்கீங்க" என்றார்.

அதைக் கேட்டபோது மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் உப்பளத்தில் அஞ்சலை என்று ஒரு பெண். உப்பு வாரும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. அவள் புருஷன் அம்பாரத்துக்குக் காவல்காரர். ஒரு நாள் இவர் தந்தியோடு வந்து நிற்கும்போது அஞ்சலைக்குப் பாவமாகிவிட்டது. "சாரு, இதுக்கா இப்படி நடுங்கறீங்க? காத்து வந்தா நாங்க இன்னா பண்ணுவோம் தெரியுமா? அம்பாரத்துக்கு இந்தாண்ட வந்து உக்காந்துக்குவோம். குடிசை பறக்கும், தகரம் பறக்கும், அம்பாரம் பறக்குமா? எங்க அப்பன் காலத்துலேர்ந்து அப்படித்தான்" என்றாள்.

உண்மைதான். உப்பளத்து ஜனங்கள் காற்றுக்கு ஒதுங்குவது அம்பாரத்தின் மறைவில்தான். வெயிலில் இறுகிப்போன உப்பு, இரண்டு ஆள் உயரம். அதைவிடக் கெட்டியான சுவர் அங்கே சுற்றுவட்டாரத்தில் கிடையாது.

இவர் அம்பாரத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, உப்பு தண்ணியில கரையாதா?"

முப்பது பெண்களும் சிரித்தார்கள். காவல்காரர் இருமி இருமிச் சிரித்தார். கேழ்வரகுக் காட்டிலிருந்து வந்த ஆள் உப்பளத்துக்காரர்களைப் பார்த்து உப்பு கரையுமா என்று கேட்கிறார். "மழைக்கு மேலாக்கத்தான் சாரு கரையும், உள்ள பாறை" என்று அஞ்சலை சொன்னாள். அவரும் சிரித்துவைத்தார். மனசு ஒப்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அந்த வருஷம் கோடையிலேயே இரண்டு தந்தி வந்து, இரண்டு முறை வேலை நின்றது. நல்ல வெயிலில் உப்பு வாராமல் அம்பாரத்தை மூடிக்கொண்டு நின்றீர்களா என்று முதலாளி என்னை எல்லோர் முன்னாலும் ஏசினார். இன்னொரு தடவை நடந்தால் வீட்டைப் பார்த்துப் போய்க்கொள்ளலாம் என்றார். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். நான் நேரே தபாலாபீசுக்குப் போனேன். இனிமேல் தந்தி வந்தால் என் கையில் மட்டும் கொடுக்க வேண்டும், பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, வேலையை நிறுத்துவதா வேண்டாமா என்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கறாராகச் சொன்னேன். "சரிங்க" என்றார். கூடவே, "நான் வரலாமுங்களா?" என்று கேட்டார். "வேணாம் சார். வந்தீங்கன்னா உங்க மூஞ்சியப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவாங்க" என்றேன்.

ஆனாலும் சித்திரைக் கடைசியில் தந்தி வந்தபோது அவர்தான் வந்தார். காலை ஒன்பதரை மணி. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. தந்தியை நீட்டினார். ரசீதுச் சீட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை நம் பக்கம்தான் என்று போட்டிருக்கிறது, பெண்களையும் பிள்ளைகளையும் கோயிலுக்கு அனுப்பிவிடலாம் என்று தணிந்த குரலில் சொன்னார். வெளியே வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. "நான் பாத்துக்கறேன், நீங்க போங்க சார்" என்று தந்தியை மேசை டிராயரில் போட்டேன்.

அவர் வரப்பு வழியாகத் திரும்பிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அஞ்சலை பாத்தியிலிருந்தே, "இன்னா சாரு, தந்தியா?" என்று கேட்டாள். அவர் சைக்கிளை நிறுத்தவில்லை. "இல்லம்மா, சும்மாதான்" என்று சொல்லிக்கொண்டே வேகமாக மிதித்தார்.

பன்னிரண்டு மணிக்கு மேகம். ஒரு மணிக்குக் காற்று. இரண்டு மணிக்கு ஆபீஸ் தகரத்தில் பாதி போய்விட்டது. அவர் சொன்ன இடத்தில்தான் முதலில் பிய்ந்தது. நான் ஓடிப்போய் மற்றவர்களோடு அம்பாரத்தின் மறைவில் உட்கார்ந்தேன். பெண்களும் கைப்பிள்ளைகளும் நாலைந்து ஆண்களுமாக நாற்பது பேர் இருப்போம். மழை ஊசியாகக் குத்தியது. கடலோடு சேரும் கழுவேலி ஏரிப் பக்கமிருந்து தண்ணீர் வந்து பாத்திகளை நிரப்பி, வரப்பைத் தாண்டி, எங்கள் முழங்காலுக்கு ஏறியது. கடல் உள்ளே வந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் அம்பாரம் இருந்தது.

அப்போதுதான் அவர் வந்தார். வரப்பின் மேல் நாலு காலில் தவழ்ந்து வந்தார். இடுப்பில் அந்தத் தாம்புக்கயிறு சுற்றியிருந்தது. கண்ணாடி இல்லை. கிட்டே வந்து ஏதோ கத்தினார், காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. கையால் அம்பாரத்தின் அடியைக் காட்டினார். திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் மோதிய இடத்தில் உப்பு கரைந்து, உள்ளே குடைந்துகொண்டு போயிருந்தது. ஒரு ஆள் படுக்கிற அளவுக்குப் பொந்து. அதற்கு மேலே இரண்டு ஆள் உயரப் பாறை அப்படியே நின்றது.

"போய்யா, இது அசையாது" என்று காவல்காரர் அவரைத் தள்ளினார். போஸ்ட் மாஸ்டர் என்னிடம் வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். நானும் உதறினேன். வெட்டவெளி வரப்பில் காற்றில் போவதைவிட இங்கேயே இருப்பது மேல் என்றுதான் எனக்கும் பட்டது. அவர் அங்கேயே நின்று அழுதார். உண்மையாகவே அழுதார், வாய் கோணி, பிள்ளைகள் அழுவதுபோல. பிறகு கன்னியம்மா என்ற பெண்ணின் மடியிலிருந்த கைக்குழந்தையை வெடுக்கென்று பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு வரப்பில் ஓட ஆரம்பித்தார்.

கன்னியம்மா அலறிக்கொண்டு பின்னால் ஓடினாள். அவள் புருஷன் ஓடினான். "புள்ளையத் தூக்கினு ஓடறான், பிடிங்க" என்று அஞ்சலை எழுந்தாள். அவள் எழுந்ததும் எல்லாப் பெண்களும் எழுந்தார்கள். போஸ்ட் மாஸ்டரை அடித்து நொறுக்க நாற்பது பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அந்தக் காற்றில் ஓடினோம். காவல்காரர் மட்டும் வரவில்லை. அம்பாரத்தை விட்டுவிட்டு வந்தால் முதலாளிக்கு யார் பதில் சொல்வது என்று சைகையில் கேட்டார். பாதி தூரம் போய் நான் திரும்பிப் பார்த்தேன். எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அம்பாரம் பாதி உயரத்துக்குத்தான் இருந்தது.

கோயில் வாசலில் கன்னியம்மாவின் புருஷன் அவரை அறைந்தான். அவர் குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, உள்ளே போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். இரண்டு நாள் கழித்து உப்பை வாரி எடுத்தபோது காவல்காரரின் உடல் கிடைத்தது.

அடுத்த வாரம் விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். பள்ளிக்கூட வராந்தாவில் நாற்காலி போட்டிருந்தது. ஊரே சுற்றி நின்றது, அஞ்சலையும் நின்றாள். எச்சரிக்கைத் தந்தி உங்களுக்கு எப்போது கிடைத்தது என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"ரெண்டு மணிக்கு மேலதாங்க" என்றேன். வாய் தானாகச் சொன்னது என்றெல்லாம் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. யோசித்துத்தான் சொன்னேன். அதிகாரி போஸ்ட் மாஸ்டர் பக்கம் திரும்பி, அப்படியா என்று கேட்டார். என் கையெழுத்தும் நேரமும் போட்ட ரசீதுச் சீட்டு அவரிடம் இருந்தது. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"ஆமாங்க. கொண்டு போய்க் குடுக்க நேரமாயிடுச்சுங்க" என்றார்.

இரண்டு நாள் அவர் இருக்கும் தெருப் பக்கமே நான் போகவில்லை. மூன்றாம் நாள் போனேன். உட்காரச் சொல்லிவிட்டு அவரே பேசினார். "நீங்க மட்டும் இல்லீங்க. அந்தம்மா வாய்விட்டுக் கேட்டுது, தந்தியான்னு. சும்மாதான்னு சொல்லிட்டு வந்தேன். நீங்க சொன்னதுக்காக இல்லீங்க. நின்னு சொன்னா நேரமாயிடும், காத்து எழும்பறதுக்குள்ள கோயில் சுவருக்கிட்டப் போயிடணும்னு ஒரே ஓட்டமா ஓடினேன். மத்தியானம் சுவருக்கிட்ட உக்காந்திருக்கறப்பதான் அந்தம்மா குரல் கேட்டுக்கிட்டே இருந்துச்சு." அப்புறம், "வேலை போயிடும்னு உங்களுக்குப் பயம். பயந்தவங்களப் பத்தி நான் ஒண்ணும் பேசமாட்டேங்க. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார்.

இரண்டு மாதத்தில் அவருடைய சர்வீஸ் குறிப்பேட்டில் கறுப்புப்புள்ளி வைத்து உள்நாட்டில் ஏதோ ஓர் ஊருக்கு மாற்றினார்கள். கடல் பக்கமே இல்லாத ஊர். கேட்டது கிடைத்துவிட்டது என்று எங்கள் ஊரில் பேசிக்கொண்டார்கள். பஸ்ஸில் ஏற்றிவிட நான் மட்டும்தான் போனேன். வண்டி புறப்படும் நேரத்தில் சட்டைப் பையிலிருந்து அந்த ரசீதுச் சீட்டை எடுத்து என் கையில் வைத்தார். "உங்களுக்கு எப்பத் தைரியம் வருதோ, அப்ப அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க. ஆபீசருக்கெல்லாம் வேணாம். அதுகிட்ட மட்டும்" என்றார். அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. சீட்டை வீட்டுக்கு எடுத்துப் போய் அன்றைக்கே அடுப்பில் போட்டேன்.

அதே உப்பளத்தில் இன்னும் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். அஞ்சலையும் பார்த்தாள். புருஷன் திதிக்கு வருஷா வருஷம் அரைநாள் லீவு கேட்க வருவாள். வரும்போதெல்லாம் அவரைத் திட்டாமல் போகமாட்டாள். "புள்ளையப் புடுங்கத் தெரிஞ்ச மனுசனுக்கு, காலையிலயே ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையே சாரு. கையில தந்திய வச்சிக்கினு மத்தியானம் வரைக்கும் இன்னா பண்ணினான்?" என்பாள். நான் "ம்" என்பேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று எல்லாப் பெண்களும் வந்து சொல்லிக்கொண்டு போன பிறகு, அஞ்சலை மட்டும் தங்கினாள். கண் சரியாகத் தெரியாது அவளுக்கு அப்போது. மேசையைத் தடவிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்துகொண்டு வந்திருந்தேன். "அஞ்சலை" என்று கூப்பிட்டும் விட்டேன்.

"தெரியும் சாரு" என்றாள்.

நான் எழுந்து மேசையைச் சுற்றி அவளிடம் வந்தேன்.

"அன்னிக்கு நீங்களும் எங்ககூடதான அம்பாரத்தாண்ட உக்காந்தீங்க. காலையிலயே தெரிஞ்சிருந்தா எங்கள உக்கார வுட்டிருப்பீங்களா? அந்தாளு மாதிரி இல்ல நீங்க. நல்லா இருக்கணும்" என்று சொல்லி, என் கையைத் தேடிப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவளை வரப்பு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.